கொப்புகளின் உரிமையாளர்களுக்கு அறிவித்தல்

2025ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் 10ஆம் திகதி, புதன்கிழமை. விடியுமுன் எழுந்தேன். கிணற்றில் தண்ணீர் இறங்கியிருந்தபடியால் தென்னம்பிள்ளைகளுக்கு மட்டும் இறைத்தேன். செவ்வரத்தைச் செடிகளுக்கு நாளை என்று முறை வைத்தேன். பிட்டும் சம்பலும் சாப்பிட்டேன். பத்திரிகை வந்ததும் வழக்கம்போல மரண அறிவித்தல்களை முதலில் படித்தேன். தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. பிறகு மேசையில் இருந்து பென்சில்களைச் சீவினேன். ஓய்வு பெற்ற பிறகு அவற்றுக்கு வேலை கிடையாது. ஆனாலும் கூர் மழுங்கிய பென்சில் ஒன்று மேசையில் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பத்து மணியளவில் தர்சினி தொலைபேசி எடுத்தாள். பிரதேச செயலகத்தில் நான் கலாசார உத்தியோகத்தராக இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்.

"சேர், சுகமா இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன் பிள்ளை. அலுவலைச் சொல்லுங்கோ."

"ரெண்டு அலுவல். ஒண்டு, எங்கட ஆண்டு மலருக்கு உங்கட சேவைக்கால அனுபவம் வேணும். நாலு பக்கம். ஆருக்கும் பிரச்சினை வராத மாதிரி."

"பிரச்சினை வராத அனுபவம் நாலு பக்கம் வராது. முக்கால் பக்கம் வரும்."

அவள் சிரித்துவிட்டு இரண்டாவது அலுவலுக்கு வந்தாள். மரபுரிமைகளைப் பதிவதற்குக் கைபேசிச் செயலி ஒன்று வந்திருக்கிறதாம். பழைய கோப்புகளில் உள்ளவற்றையெல்லாம் அதில் ஏற்ற வேண்டுமாம்.

"உங்கட கோப்பில 'கொப்பு வைத்தல்' எண்டு ஒண்டு கிடக்கு சேர். எல்லாம் நிரப்பிட்டன். 'காலம்' எண்ட பெட்டியில வந்து நிக்குது. அதை நிரப்பாட்டி அடுத்த பக்கம் போகாது."

"நிரப்பினா?"

"பழசு எண்டு போட்டா தானாவே கொழும்புக்குப் போகுமாம். அங்கயிருந்து ஆக்கள் வந்து இடத்தைக் கிளறி அளப்பினம். புதுசு எண்டா எங்கட கந்தோரோட முடிஞ்சுது. நாளைக்குக் கடைசி நாள். 'மிகப் பழையது' எண்டு அடிச்சு விடட்டோ? கௌரவமா இருக்கும்."

"ஒண்டையும் அடியாதேங்கோ. நாளைக்குக் காலமை நானே எடுத்துச் சொல்லுறன்."

தொலைபேசியை வைத்துவிட்டு, சீவிய பென்சில்களில் ஒன்றை எடுத்து அன்றே எழுதத் தொடங்கினேன். மலருக்கு ஏற்ற மாதிரி இது வரவில்லை. ஊரின் பெயரை எழுதவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். இடத்தைத் தேடிப் போக விரும்புகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒட்டுசுட்டானுக்கு அப்பால் காட்டு வழி தொடங்குகிற இடங்களில் எல்லாம் இப்படியொரு கொப்புக் குவியலைக் காணலாம். எதையாவது ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.

எனக்கு வேலைக்கு முன் ஒரு பயிற்சி நடந்தது. பண்பாடு என்றால் என்ன என்று முதல் வாரம் கற்பித்தார்கள். மிச்ச வாரங்களில் வவுச்சர் நிரப்பக் கற்பித்தார்கள். சேவைக்காலம் முழுவதும் கைகொடுத்தது இரண்டாவதுதான்.

அது போர்க் காலம்; வன்னிக்குள் போக அரச பக்கத்துச் சோதனைச்சாவடி ஒன்றையும் மற்றப் பக்கத்துச் சாவடி ஒன்றையும் தாண்ட வேண்டும். பள்ளிக்கூட விழாவொன்றுக்காக வவுனியாவிலிருந்து ஒரு மிருதங்கத்தை உள்ளே கொண்டுவந்தேன். முதல் சாவடியில் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லாததை ஏன் இவ்வளவு பத்திரமாகக் கொண்டு போகிறாய் என்றார்கள். அடுத்த சாவடியில் வேறு மொழி, வேறு சீருடை. தட்டிய இடமும் கேட்ட கேள்வியும் அதேதான். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பண்பாடு ஒன்று உண்டென்று நான் முதன்முதலாகக் கண்டது அன்றைக்குத்தான்.

போர் முடிந்து, சாவடிகள் போய், சனம் மீளக் குடியேறிய பிறகு எங்களுக்குப் பிரதேச செயலாளராக வந்தவர் திரு. பரமசோதி. அவரோடு வேலை செய்த காலத்தைத்தான் நான் அதிகம் நினைப்பதுண்டு. ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். யாராவது ஒரு யோசனையைக் கொண்டு போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கோப்பின் மேல் வைப்பார். கண்ணை மூடுவார். பிறகு, "இதுக்கு முன்மாதிரி இருக்கோ?" என்பார். இருக்கிறது என்றால், "அப்ப ஏன் திரும்பச் செய்யவேணும்?" என்பார். இல்லை என்றால், "அப்ப எப்பிடிச் செய்யிறது?" என்பார். எந்த வழியால் போனாலும் முடிவில், "நல்ல விஷயம். எழுத்தில தாங்கோ," என்று கண்ணாடியைப் போட்டுக்கொள்வார்.

விழாக்களில் அவருக்கு வந்த பெரிய சோதனை குத்துவிளக்கு. விளக்குக்கு ஐந்து முகம். அதிதிகள் எப்போதும் அதற்கு மேல். ஒருமுறை திரி கிடைக்காத அதிதி ஒருவர் தேநீர் குடிக்காமலே போய்விட்டார். செயலாளர் இரண்டாவது விளக்கு வாங்கும்படி உத்தரவிட்டார். அடுத்த விழாவில் இரண்டாம் விளக்குக்கு அழைக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒன்றாக எழும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு எங்கள் விழாக்களில் ஒரு விளக்கில் ஒரு திரியை மட்டும் ஏற்றினோம். ஏற்றியவர் செயலாளர்.

அப்படிப்பட்டவரும் ஒரு விஷயத்துக்கு மட்டும் முன்மாதிரி கேட்க மாட்டார். 'முன்', 'பின்' என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுகிற படங்கள் அவருக்கு உயிர். அறைச் சுவர் முழுவதும் அவைதான். அவற்றில் பெரியது ஒரு பழைய கேணியின் படம். கருங்கல் படிகளுக்குக் குளியலறை மாபிள் பதித்து, சுற்றிவரப் பச்சைக் குழாயில் வேலி போட்டிருந்தார். 'முன்' படத்தில் கேணிக்குள் தண்ணீர் இருந்தது.

மாகாண மட்டத்தில் மரபுரிமை நூல் ஒன்று போடுகிறார்கள், ஒவ்வொரு பிரதேசத்திலிருந்தும் ஒரு இடம், சிறந்த இடத்துக்குக் கேடயம் என்று கடிதம் வந்தது. செயலாளர் கேடயத்துக்கு அலுமாரியில் இடம் ஒதுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் சிவபாதம், பழசா ஒண்டு தேடிப் பிடியும். ஆனா பாக்கப் புதுசா இருக்கவேணும்."

இந்த இடத்தில் பக்கத்து ஊர்க் கதையொன்றைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. அங்கே ஒரு கமக்காரர் வரம்பு வெட்டும்போது அகலமான பழைய செங்கல் சில கிடைத்தன. பெருமையோடு எடுத்துக் கழுவி, கொழும்பிலிருந்து வந்த தொல்லியல் அதிகாரிகளுக்குக் காட்டினார். தேத்தண்ணியும் கொடுத்தார். முதலில் பலகை வந்தது. பிறகு எல்லைக்கல் வந்தது. பிறகு கம்பி வந்தது. இப்போது அவர் தன் வயலை வீதியில் நின்று பார்க்கிறார். பலகையில் அந்த நிலத்தின் வரலாறு மூன்று மொழிகளில் இருக்கிறது. அவருடைய பெயர் ஒரு மொழியிலும் இல்லை.

ஆகவே நான் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கிய ஊரில், பழசு என்ற சொல்லைக் கேட்டதும் சனம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கலைந்தது. கமக்கார அமைப்பின் செயலாளர் தங்கராசா மட்டும் ஓட இயலாமல் அகப்பட்டார். ஊரைச் சுற்றிக் காட்டுவது அவர் பொறுப்பாயிற்று.

"இந்தக் குளம் எப்ப வெட்டினது?"

"இது இப்ப, கிட்டடியில வெட்டினது சேர்."

"கட்டில நிக்கிற மருதமரத்தை ரெண்டு பேர் சேந்துதான் கட்டிப் பிடிக்கலாம் போல கிடக்கு."

"நல்ல மண் சேர். கெதியா வளரும்."

கோயிலுக்குப் போனோம். வளைவில் ஆண்டு எழுதியிருந்த இடத்துக்கு மட்டும் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

"ஊரில ஆகக் கூடின வயது ஆருக்கு?"

"எல்லாரும் நடுத்தர வயசுதான் சேர்."

அவருக்குப் பின்னால் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த மனிதர் ஒரு பல்லும் இல்லாத வாயால் சிரித்தார்.

"அவர்?"

"அவர் வருத்தத்தில கிடந்து எழும்பினவர். அதான் அப்பிடித் தெரியுது."

இப்படியொரு ஊரை நான் அதற்கு முன் கண்டதில்லை. வன்னியில் எத்தனையோ ஊர்கள் தங்களுக்கு அரசனையும் கோட்டையையும் கேட்டு விண்ணப்பித்திருக்கின்றன. தனக்கு வரலாறே இல்லை என்று சத்தியம் செய்த ஊர் இது ஒன்றுதான். சத்தியத்தை எல்லோரும் ஒரே மாதிரிச் செய்தார்கள். அதிலேயே கன காலத்துப் பழக்கம் தெரிந்தது.

திரும்பும்போதுதான் அந்தக் குவியலைக் கண்டேன். வயல் முடிந்து காட்டு வழி தொடங்கும் மூலையில் ஒரு பாலைமரம். அதன் கீழே இடுப்பளவு உயரத்துக்கு இலையும் கொப்புமாகக் குவிந்து கிடந்தது. மேலே பச்சை, கீழே சருகு. இதைப் பற்றிக் கேட்டதும் தங்கராசாவின் முகம் தெளிந்தது. கொப்பு நேற்று முறித்தது; அதில் ஆபத்தில்லை என்று நினைத்தார் போலும்.

"காட்டுக்குள்ள போற ஆள் ஒரு கொப்பை முறிச்சு ஐயனாருக்கு வைச்சிட்டுப் போகும் சேர். 'நான் போறன், யானையைப் பாத்துக்கொள்' எண்டு சொல்லி. அவ்வளவுதான்."

"விக்கிரகம், மேடை ஒண்டும் இல்லையோ?"

"இல்லைச் சேர். கொப்புத்தான்."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. கல் இல்லை, செங்கல் இல்லை, கம்பி அடிக்க ஒன்றும் இல்லை. 'வகை: பழக்கம். கட்டுமானம்: இல்லை' என்று எழுதி அறிக்கையைக் கொடுத்தேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல விஷயம். ஆனா படத்தில எப்பிடி இருக்கும்?"

"விறகு குவிச்ச மாதிரி இருக்கும் சேர்."

"அதுதான் நானும் யோசிக்கிறன். இதை அபிவிருத்தி செய்யவேணும்."

அன்று பின்னேரமே வரைபடம் தயாரானது. குவியலை முற்றாக அகற்றி நிலத்தைச் சமப்படுத்துவது. மரத்தைச் சுற்றி வட்ட மேடை, அதற்கு மாபிள். பச்சைக் குழாய். கொப்பு வைக்க விரும்பும் பொதுமக்களுக்காகத் துளைகள் கொண்ட ஒரு இரும்புத் தாங்கி, ஆளுக்கு ஒரு துளை. மரத்தில் கொப்பு முறிப்பதைத் தடை செய்யும் பலகை ஒன்று. கொப்பை முறிக்காமல் துளையில் எதை வைப்பது என்று கேட்டேன். அது இரண்டாம் கட்டத்தில் வரும் என்றார்.

அடுத்த பொதுமக்கள் தினத்தில் என் மேசைக்கு முன்னால் ஒரு பெண் வந்து நின்றா. அந்த மூலையோடு ஒட்டிய வயல் தன்னுடையது என்றா. பெயர் செல்வமலர். குடியேற்றத் திட்டம் வந்த காலத்தில் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பம். தகப்பனும் புருசனும் இப்போது இல்லை. அந்த வயல் ஒன்றுதான் சோறு.

"இருங்கோ அக்கா."

"இல்லைச் சேர். இருந்தா எனக்குக் கதை வராது." நின்றபடியே என் கையைப் பார்த்தா. "நீங்கள் எல்லாத்தையும் எழுதி வைக்கிற ஆள் எண்டு சனம் கதைக்குது."

"ஓம்."

"அப்ப பேனையை மூடுங்கோ."

மூடினேன்.

"அந்தக் கொப்பைக் கிளறாதேங்கோ. அடியில ஒரு கல்லு நிக்குது. என்னவோ எழுத்து மாதிரி வெட்டிக் கிடக்கெண்டு அப்பா சொன்னவர். என்ன பாசையோ தெரியாது. எந்தப் பாசையா இருந்தாலும் எங்களுக்கு வயல் போயிடும் சேர்."

அவ குரலைத் தாழ்த்தினா.

"நாங்கள் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த அண்டு வீடு இல்லை, கிணறு தூர்ந்து கிடக்கு. காட்டுக்குப் போற ஆக்களும் இல்லைத்தானே, கொப்பெல்லாம் உக்கிப் போய் அந்தக் கல்லு மட்டும் உடுப்பை உரிஞ்சு போட்டு நிக்கிற மாதிரி நிக்குது. நான் முதல் செய்தது கொப்பு முறிச்சதுதான். இருக்கிறதுக்குத் தறப்பாள் கட்டினது பிறகு."

"இதை ஏனக்கா என்னட்டைச் சொல்லுறியள்? சொல்லாம விட்டிருக்கலாமே."

"விட்டா நீங்கள் கிளறேக்க கண்ணால காணுவியள். கண்டதை எழுதாம விடமாட்டியள். இப்ப காதால கேட்டதுதானே. கேட்ட கதையை நீங்கள் எழுதிறேல்லையாம்."

அது உண்மை. என் நாட்குறிப்பில் நான் கண்டது மட்டும்தான் இருக்கும். என்னோடு பல வருடம் வேலை செய்தவர்கள் கவனிக்காததை இந்த மனிசி எங்கேயோ இருந்து கவனித்திருந்தா.

களப் பயணம் அடுத்த வாரம் நடந்தது. ஜீப்பில் செயலாளர், நான், மண்வெட்டிகளோடு இரண்டு தொழிலாளர்கள். ஓட்டியவர் பிரான்சிஸ், முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர், தகப்பன் வழியில் கடல் தொழில். குவியலடியில் ஜீப்பை நிறுத்திய பிரான்சிஸ் முதல் வேலையாக இறங்கிப் போய், ஒரு கொப்பை முறித்து வைத்துவிட்டு வந்தார். காட்டைத் தாண்டிப் போய் ஒரு பாலத்தையும் அன்று பார்க்க இருந்தது.

"நீர் வேதக்காரர் எல்லோ, பிரான்சிஸ்?" என்றார் செயலாளர்.

"ஓம் ஐயா. யானை ஞானஸ்நானம் பாக்கிறேல்லை."

"அந்தோனியார் கோவிக்க மாட்டாரோ?"

"அவர் கடலுக்கு ஐயா. காடு ஐயனாரின்ர பகுதி. நாங்கள் அதிகாரம் மாறிக் கேக்கிறேல்லை."

நிர்வாக எல்லைகளை மதிக்கும் அந்தப் பதில் செயலாளருக்குப் பிடித்திருந்தது. தொழிலாளர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் மண்வெட்டிகளை நிலத்தில் ஊன்றி அவற்றின் மேல் சாய்ந்துகொண்டார்கள்.

"என்ன?"

"வைச்ச ஆள்தான் எடுக்கலாம் ஐயா," என்றார் மூத்தவர். "வேற ஆள் எடுத்தா, வைச்ச ஆளுக்கு வாற யானை எடுத்த ஆளிட்டை வரும்."

"இவ்வளவு யானையுமோ?" செயலாளர் குவியலைப் பார்த்தார்.

"பிழையான விலாசத்துக்கு வந்தா அதுகளுக்கும் கோபம் வரும்தானே ஐயா," என்றார் பிரான்சிஸ்.

செல்வமலர் வரம்பில் நின்று புல்லுச் செருக்கிக்கொண்டிருந்தா. செருக்குவதற்கு அந்த இடத்தில் புல் இருக்கவில்லை.

"மிஸ்டர் சிவபாதம், நீர் படிச்ச ஆள். நீர் தொடங்கும்."

நான் குவியலுக்குக் கிட்டப் போனேன். காய்ந்த இலைகளின் மணம் வந்தது. இரண்டு கையாலும் விலக்கினால் போதும். கல் இருக்கிறதா, எழுத்து இருக்கிறதா, என்ன எழுத்து, எல்லாம் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ள எனக்கு ஆசையில்லை என்று சொல்ல மாட்டேன். அப்படி ஒன்றைக் காண்பதற்காகத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன். வரம்பில் செருக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"எடுக்கலாம் சேர்," என்றேன். "ஒரு சின்ன விஷயம். இது பொதுச் சொத்தோ தனியார் சொத்தோ எண்டு கோப்பில தீர்மானம் இல்லை. ஒவ்வொரு கொப்பும் ஒவ்வொரு ஆள் தன்ர தேவைக்கு வைச்சது. உரியவரின் சம்மதம் இல்லாமல் அகற்றினால் நாளைக்குக் கணக்காய்வில கேப்பினம்."

யானைக்குப் பயப்படாத மனிதர் கணக்காய்வு என்றதும் கண்ணாடியைக் கழற்றினார். வைக்கக் கோப்பு இல்லாதபடியால் ஜீப்பின் பொனற்றில் வைத்தார். கண்ணை மூடினார்.

"முன்மாதிரி இருக்கோ?"

"இல்லைச் சேர்."

"அப்ப எப்பிடிச் செய்யிறது?"

"உரிமையாளர்களுக்கு அறிவித்தல் குடுத்து, சம்மதம் வந்த கொப்பை மட்டும் அகற்றலாம்."

வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பாலைமரத்தில் குரங்குகள் பாய்ந்தன. பிறகு சொன்னார்: "நல்ல விஷயம். எழுத்தில தாங்கோ."

பாலத்தைப் பார்க்கப் போக எல்லோரும் ஏறினோம். தொழிலாளர்கள் இருவரும் ஏறுமுன் கொப்பு வைத்தார்கள். நானும் வைத்தேன். பிரான்சிஸ் சாவியைத் திருகவில்லை.

"என்ன, ஸ்ரார்ட் எடுக்கேல்லையோ?"

"எடுக்கும் ஐயா. ஐயாவின்ர கொப்பு மட்டும் குறையுது."

செயலாளர் என்னைப் பார்த்தார். "படம் ஒண்டும் எடுக்கக்கூடாது," என்றுவிட்டு இறங்கினார். கைக்கெட்டிய ஒரு சின்னக் கொப்பை முறித்தார். குவியலின் மேல் வைத்து, கோப்பை மேசை விளிம்புக்கு நேராக வைப்பது போல ஒருமுறை நேராக்கினார். உதடு அசைந்ததை நான் கண்டேன். என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

அறிவித்தலை நான்தான் தயாரித்தேன். மூன்று மொழி. அதற்கு ஒரு காரணம் இருந்தது: அந்த வழியால் தேன் எடுக்கப் போகிறவர்களில் பக்கத்து முகாமின் சிப்பாய்களும் உண்டு. 'மேற்படி இடத்தில் கொப்பு வைத்தவர்கள், தத்தமது கொப்பை அடையாளம் காட்டுவதற்குப் போதிய சான்றுகளுடன் பொதுமக்கள் தினத்தில் சமுகமளிக்கவும்' என்று எழுதினேன். செயலாளர் 'போதிய' என்பதை 'தகுந்த' என்று திருத்திக் கையெழுத்திட்டார். பாலைமரத்தில் ஆணி அடிக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஒரு தடியை நட்டு அதில் கட்டினோம்.

வந்த உரிமையாளர் ஒருவர்தான். சீருடையில் ஒரு இளம் சிப்பாய், அறிவித்தலைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தான். தான் ஒன்று வைத்ததாகவும், லீவில் வீட்டுக்குப் போவதாகவும், போகுமுன் அதை எடுக்க வேண்டுமா என்றும் பாதித் தமிழில் கேட்டான். உன்னுடையது எது என்று தெரியுமா என்றேன். தெரியாது, கடவுளுக்குத் தெரியும் என்றான். அவன் ஊரிலும் காட்டு வாசலில் இப்படித்தான் வைப்பார்களாம்.

"இருக்கட்டும்," என்றேன்.

அவனுக்கு நிம்மதியாகிவிட்டது. "நல்லம் சேர். அம்மா கேட்டா, இருக்கு எண்டு சொல்றது."

இந்த நிலத்தில் யாருடைய வரலாறு முந்தியது என்று அப்போது பல கூட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. நானும் சிலவற்றில் குறிப்பெடுத்தேன். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரு வரலாற்றை நான் குறிப்பெடுத்தது என் மேசையில், அந்த ஒரு தடவைதான்.

நூல் வெளிவந்தது. கொப்புக்கு அனுமதி கிடைக்காதபடியால் எங்கள் பிரதேசத்துக்குக் கேணியின் படத்தைப் போட்டிருந்தார்கள். அச்சகத்தில் யாரோ 'முன்' படத்தை எடுத்துப் போட்டதில் எங்களுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது.

பிறகு திரு. பரமசோதி இடமாற்றம் பெற்றுப் போனார். அடுத்து வந்தவர் கோப்பைத் தூசி தட்டி, இந்த மேடை வேலை ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். உரிமையாளர்களில் ஒருவர் முன்னாள் செயலாளர், அவருடைய சம்மதம் இன்னும் பெறப்படவில்லை என்று குறிப்பு எழுதினேன். அவருக்குக் கடிதம் போனது. ஒரு வரியில் பதில் வந்தது: 'முன்மாதிரி இருப்பின் அறியத் தரவும்.'

அந்த வரியை நான் பல தடவை யோசித்ததுண்டு. ஜீப்பின் முன்னால் அவர் கண்ணை மூடி நின்றபோது, புல் இல்லாத வரம்பில் ஒரு மனிசி மண்வெட்டியோடு நின்றதை அதற்கு முன்பே பார்த்துவிட்டாரா என்பது எனக்குத் தெரியாது. நான் கண்டதை மட்டும் எழுதுகிறவன்.

கல்லைப் பற்றியும் அவ்வளவுதான். ஒருவர் சொல்லக் கேட்டேன். கண்ணால் காணவில்லை. கண்டிருந்தால் அளந்து, பிரதி எடுத்து, முறைப்படி மேலிடத்துக்கு எழுதியிருப்பேன். வேறுவிதமாக நடக்க எனக்குத் தெரியாது. வயலுக்குக் கம்பி வராமல், கல்லைப் படிக்க மட்டும் ஆட்கள் வருகிற காலம் ஒன்று வந்தால் யாராவது விலக்கிப் பார்க்கட்டும். கல் பொறுத்திருக்கும். காலபோக விதைப்புப் பொறுக்காது.

இவ்வளவையும் எழுதி முடிக்க அன்றைய பொழுது சரியாகிவிட்டது. மறுநாள் காலை வேறு அலுவல் இருந்தபடியால், செவ்வரத்தைக்கு வைத்த முறையை மாற்ற வேண்டி வந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாக மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன். செல்வமலர் விதைப்புக்கு முன் வரம்பு கட்டிக்கொண்டிருந்தா. தலைமயிர் நரைத்திருந்தது, மண்வெட்டி அதேதான். பாலைமரத்தில் ஒரு கொப்பை முறித்தேன். முறித்த இடத்தில் பால் துளிர்த்து விரலில் ஒட்டியது. குவியலின் மேல் வைத்து நேராக்கினேன்.

"காட்டுக்குள்ள போறியளோ சேர்?"

"இல்லை அக்கா. கந்தோரோட கதைக்கப் போறன்."

"அப்ப ரெண்டா வையுங்கோ."

இன்னொன்றையும் முறித்து வைத்துவிட்டுத் தர்சினிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவளும் அப்போதுதான் வேலையைத் தொடங்கியிருந்தாள்.

"காலம் கேட்டனீங்கள் எல்லோ பிள்ளை."

"ஓம் சேர், பெட்டி திறந்தபடிதான் கிடக்கு. மிகப் பழையதோ?"

"இண்டைக்குக் காலமை."

அவள் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"அதை உறுதிப்படுத்திற ஆளின்ர பேர் கேக்குது சேர்."

"என்ர பேரைப் போடுங்கோ. நேரில் கண்டது எண்டும் போடுங்கோ."

அவள் தட்டுவது கேட்டது.

"அடுத்த பக்கம் போயிட்டுது சேர்," என்றாள்.